என் மகள் அந்த 30-ஆம் நம்பர் ஜெர்சியைக் கழற்ற மாட்டாள்

சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே வந்த கமென்ட்டை உங்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். இப்போது அது இல்லை, எழுதிய அண்ணனே அழித்துவிட்டார். அழித்துவிட்டால் ஆச்சா? என் மகள் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, என் போனில் முதலில் உட்கார்ந்து படித்தது அந்த வரியைத்தான். "கூலிக்கு மாரடிக்கிறதுன்னா என்னப்பா?" என்று கேட்டாள். ஒப்பாரி வைக்கக் காசு வாங்கும் வழக்கத்திலிருந்து ஆரம்பித்து அவளுக்கு விளக்க வேண்டியதாயிற்று. அப்புறம், அதை எதற்கு அவள் ஜெர்சிக்குச் சொன்னார்கள் என்றும் விளக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது விளக்கம்தான் எனக்கு வரவில்லை.

படத்தில் இருந்தது என்.சி. ஸ்டேட், அதாவது நான் படித்த நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பாஸ்கெட்பால் அணியின் சிவப்பு ஜெர்சி. முதுகில் பர்ன்ஸ், 30. 2025 சீசன் தொடங்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறதே என்று பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள், நான் படம் எடுத்தேன், அவ்வளவுதான். அதற்கு அண்ணன் சொன்னது: ரெண்டு வருஷம் கூலிக்கு மாரடித்தவன் பெயரையா பிள்ளை முதுகில் போடுவாய், நம்ம காலேஜிலேயே சேர்ந்து நாலு வருஷம் ஆடினவன் பெயர் கிடைக்கவில்லையா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வந்தவர்களும் நம்மவர்கள்தான். ஒரு வருஷம் ஆடினாலும் நம்மவர்கள்தான். நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நமக்காக ஓடினவரை எந்த ஊரிலிருந்து வந்தாய், எத்தனை நாள் இருந்தாய் என்று கணக்குக் கேட்கும் உரிமை கேலரியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இல்லை.

2024 மார்ச் மாதத்தை மறந்துவிட்டீர்களா? லீகில் கடைசி 4 ஆட்டமும் தோல்வி. 17 வெற்றி, 14 தோல்வி என்று ஏ.சி.சி. போட்டிக்கு, அதாவது நம் லீகின் கோப்பைப் போட்டிக்கு, 10-ஆவது இடத்தில் போனோம். நம் வாட்ஸப் குழுவில் அன்றைக்குப் பேச்சு, கோச் கெவின் கீட்ஸை எப்போது அனுப்புவார்கள் என்பதுதான். 5 நாளில் 5 ஆட்டம் ஜெயித்தால்தான் கோப்பை. ஜெயித்தார்கள். லூயிவில், சிரக்யூஸ், டியூக், விர்ஜினியா, கடைசியில் நம் பரம எதிரி யு.என்.சி. (நார்த் கரோலினா பல்கலைக்கழகம்). 1987-க்குப் பிறகு முதல் கோப்பை, 37 வருஷம். அதோடு நிற்காமல் தேசியப் போட்டியில் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு அணி, வரைக்கும் போனார்கள், 1983-க்குப் பிறகு முதல் தடவையாக.

அந்த அணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டி.ஜே. பர்ன்ஸ் வின்த்ராப்பிலிருந்து வந்தவர், அதற்கு முன் டென்னஸியில் சேர்ந்தவர். மைக்கேல் ஓ'கானல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து. முகமது டியாரா மிசௌரியிலிருந்து. கேசி மோர்செல் விர்ஜினியாவிலிருந்து, ஜேடன் டெய்லர் பட்லரிலிருந்து, பென் மிடில்புரூக்ஸ் கிளெம்சனிலிருந்து. டி.ஜே. ஹார்ன் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து வந்தார், ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது நம் கல்லூரி இருக்கும் இதே ராலேயில். இல்லினாய் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் என்று இரண்டு இடம் சுற்றிவிட்டு மூன்றாவதாகச் சொந்த ஊருக்கே வந்தார். அண்ணா, உங்கள் கணக்குப்படி ஹார்ன் உள்ளூரா, வெளியூரா?

அந்த விர்ஜினியா ஆட்டம் நடந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் அப்பா இருந்தார். திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தவர். பாஸ்கெட்பாலில் அவருக்கு ஒன்றும் தெரியாது, பந்து உள்ளே விழுந்தால் நல்லது என்ற அளவுக்குத்தான். ராலேக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் கேரியில் மார்ச் மாதக் குளிருக்கே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. 3 புள்ளி பின்னால் இருக்கிறோம், ஆட்டம் முடிய 5 விநாடிதான் பாக்கி, அதுவும் விர்ஜினியா வீரர் ஃப்ரீ த்ரோ போட நிற்கிறார். நான் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் போட்டது தவறியது. பந்து ஓ'கானல் கைக்கு வந்தது, ஓடினார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து தூக்கிப் போட்டார், பலகையில் மோதி உள்ளே விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். அப்பா என் முகத்தையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சாச்சா?" என்றார். இல்லைப்பா, சமன்தான், ஓவர்டைம் என்றேன். "அப்போ உக்காரு, ஏன் நிக்க?" என்றார். ஓவர்டைமில் ஜெயித்து 73-65 என்று முடிந்தபோது அவரும் எழுந்து நின்றார்.

அந்தப் பந்து விழாமல் போயிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும், தேசியப் போட்டிக்கு நம்மை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அதைப் போட்டவர் ஸ்டான்ஃபோர்டில் மூன்று வருஷம் ஆடிவிட்டு நம்மிடம் வந்தவர். கூலிக்கு மாரடிப்பவர் அப்படி ஓடுவாரா?

டியாராவைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். அந்த வருஷம் ரமலான் மாதம் சரியாக அந்தப் போட்டி வாரத்தில்தான் தொடங்கியது. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு இருந்துவிட்டு வந்து ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பையன். பாரிஸ் பக்கம் பிறந்து வளர்ந்தவர், ராலேயில் இருந்தது ஒரே ஒரு சீசன். எனக்கு அது போதும்.

இப்போது லைன்-அப், அதாவது யாரைக் களத்தில் இறக்குவது என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அண்ணன் அதையும் எழுதியிருந்தார். பள்ளியிலிருந்து நேராக நல்ல பிள்ளைகளை எடுத்து, வளர்த்து, மூன்றாம் வருஷம் களத்தில் இறக்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 18 வயதுப் பையன் உடம்பும் 23 வயது ஆள் உடம்பும் ஒன்றா? பர்ன்ஸ் 275 பவுண்டு. கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையில் பந்தைத் தட்டிக்கொண்டே, எதிராளியை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு போவார். அவசரமே இருக்காது. தேசியப் போட்டியில் மார்க்கெட் பல்கலைக்கழக அணி அவர் மேல் இரண்டு இரண்டு பேரை ஏவிவிட்டது, அன்றைக்கு அவர் எடுத்தது 4 புள்ளிதான், ஆனால் திறந்து நின்ற ஆட்களுக்குப் பந்தைக் கொடுத்து 7 தடவை கூடை போட வைத்தார் (7 அசிஸ்ட்). அடுத்த ஆட்டத்தில் டியூக் பெரும்பாலும் ஒற்றை ஆளை விட்டே சமாளிக்கப் பார்த்தது, 29 புள்ளி எடுத்துக் கொடுத்து அனுப்பினார். இது நாலைந்து வருஷம் பல கோர்ட்டுகளில் அடிபட்டு வருகிற புத்தி. எங்கே வந்தது என்று கேட்டால் வின்த்ராப்பில் வந்தது, வரட்டுமே. அவர் மூச்சு வாங்கும்போது மிடில்புரூக்ஸை இறக்கித் தடுப்பாட்டத்தை இறுக்கினார்கள். அந்த மிடில்புரூக்ஸ் டெக்சாஸ் டெக்குக்கு எதிராக 21 புள்ளி எடுத்தார். இப்படி ஒருவரை வைத்து மற்றவரின் குறையை மூடுவதுதான் லைன்-அப். பள்ளி ரேங்க் பட்டியலில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவதில் அது இல்லை.

நம் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2025-இல் டியூக்கில் கூப்பர் ஃபிளாக், கான் நூப்பல், கமான் மலுவாச் என்று மூன்று முதல் வருஷப் பையன்கள், மூவருமே அசாத்தியத் திறமை. தேசியப் போட்டியின் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் கடைசி நிமிஷத்தில் கையிலிருந்ததை விட்டார்கள், 70-67. அந்த ஹூஸ்டனை இறுதியில் 65-63 என்று வீழ்த்தியது ஃபுளோரிடா. வால்ட்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்து வந்தவர்கள். சாம்பியன் அணியின் கார்டுகள் (பந்தைக் கொண்டு போகிற ஆட்டக்காரர்கள்) மூவரும் டிரான்ஸ்ஃபர். அந்த அணியின் கெய்ன்ஸ்வில் ஊர்க்காரர்கள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா?

சரி, 2024 கோப்பைக்கு அடுத்த சீசனிலும் நாம் டிரான்ஸ்ஃபர் ஆட்களைத்தானே கொண்டு வந்தோம், என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கேளுங்கள். 12 வெற்றி, 19 தோல்வி, 18 அணியில் 15 அணி ஆடுகிற ஏ.சி.சி. போட்டிக்குக்கூடத் தகுதி பெறவில்லை, கீட்ஸையும் அனுப்பிவிட்டார்கள். அது தேர்வில் நடந்த தப்பு. பர்ன்ஸ் விட்டுப்போன இடத்துக்கு அவரைப் போல ஒருவர் வரவில்லை, அவரைச் சுற்றி அமைத்த ஆட்டம் அவரில்லாமல் நடக்கவில்லை. அதற்காக வந்தவர்கள் எல்லாம் துரோகிகள் ஆகிவிடுவார்களா? தோற்றவர்களும் நம்மவர்கள்தான் என்றுதான் நான் சொல்கிறேன்.

காசு, காசு என்கிறீர்கள். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது, 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று ஆனது. அதற்கு முன்னால் மட்டும் இந்த விளையாட்டில் காசு இல்லையா? டி.வி. காரனுக்கு வந்தது, கோச்சுக்கு வந்தது, ஓடினவனுக்கு மட்டும் வரவில்லை. கல்லூரி மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும் என்று பையன்களுக்கு விதி இருந்தது. கோச்சுக்கு அந்த விதி ஒரு நாளும் இருந்ததில்லை. 2025-இல் நம் கோச்சாக வந்த வில் வேட், மெக்னீஸ் அணியைத் தேசியப் போட்டியில் ஆட வைத்துவிட்டு அந்த ஆட்டச் சூடு ஆறுவதற்குள் இங்கே வந்தார். அவரை வரவேற்று அண்ணன் போட்ட பதிவை நானும் லைக் செய்தேன். வேட் வந்தால் விவரம், அவர் கூட்டி வந்த வென்-ஆலன் லூபின் வந்தால் விசுவாசம் இல்லையா? நோட்டர் டாம், வாண்டர்பில்ட், யு.என்.சி., 2025-இல் நாம் என்று நாலு வருஷத்தில் நாலு கல்லூரி, அதிலும் அதற்கு முந்தின சீசன் வரை யு.என்.சி.யின் வெளிர்நீலச் சட்டை போட்டவன் என்பதுதானே கோபம்? நவம்பரில் அவர் முதல் ரீபவுண்டை எடுக்கட்டும், நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

சின்னக் கல்லூரிகள் வளர்த்த பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போகின்றன, வின்த்ராப் ரசிகனுக்கு வலிக்காதா என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டார். வலிக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அண்ணனுக்கு ஒன்று கேட்க வேண்டும். பதிவில் எழுத வேண்டாம், போனில் பேசு என்று மனைவி சொன்னாள். அவர் எழுதியது பதிவில்தானே.

அண்ணா, நானும் டிரான்ஸ்ஃபர்தான். உங்களுக்குத் தெரியும். 2006-இல் நான் வந்து இறங்கியது வேறு மாநிலத்தில், வேறு பல்கலைக்கழகத்தில். ஒரு செமஸ்டர் முடிவதற்குள் உதவித்தொகை இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். 2007 ஜனவரியில் இரண்டு பெட்டியோடு ராலே ஏர்போர்ட்டில் வந்து நின்றேன். அங்கே படித்த மூன்று பாடத்தில் இரண்டைத்தான் இங்கே ஏற்றுக்கொண்டார்கள். என்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தது நீங்கள். அவென்ட் ஃபெர்ரி ரோட்டில் உங்கள் அபார்ட்மென்டில் ஒரு மெத்தையைக் கீழே இழுத்துப் போட்டு, "இது உன் இடம்டா" என்று சொன்னது நீங்கள். எத்தனை வருஷம் இருக்கப் போகிறாய், எங்கேயிருந்து ஓடி வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு மாதம்கூட ஆகாதவனைப் பிப்ரவரியில் யு.என்.சி. ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் சிவப்புத் தொப்பியை என் தலையில் வைத்தீர்கள். நம் அப்போதைய கோச் சிட்னி லோ சிவப்புக் கோட்டில் வந்து நின்ற அந்த ஆட்டம், 83-79. நாம் ஜெயித்தபோது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தாத்தா என்னைக் கட்டிப்பிடித்தார். நீங்கள் அவரிடம் "இவன் புதுசு" என்று சொல்லவில்லை. "நம்ம பையன்" என்றுதான் சொன்னீர்கள், தமிழிலேயே சொன்னீர்கள், அவருக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் கம்பெனி மாறியது நாலு தடவை. நாலு தடவையும் லிங்க்ட்இனில் முதல் வாழ்த்து என்னுடையது. சம்பளம் கூடியதால் போனீர்கள், கிரீன் கார்டுக்காகப் போனீர்கள், மேனேஜர் சரியில்லை என்று போனீர்கள், எல்லாமே நியாயம். யாராவது உங்களைக் கூலிக்கு மாரடிக்கிறவர் என்று சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். எச்-1பி-யில் இருந்த வருஷங்களில் நம்மைப் பார்த்து இந்த ஊர்க்காரர்கள் சிலர் இதே பேச்சைத்தான் வேறு வார்த்தையில் பேசினார்கள். வந்தவன், காசுக்கு வந்தவன், நாளைக்குப் போய்விடுவான். அன்றைக்கு நீங்களும் நானும் கார் பார்க்கிங்கில் நின்று எவ்வளவு நேரம் பேசினோம்? அதே வார்த்தையை என் பிள்ளையின் முதுகுக்கு நீங்கள் எழுதியதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பாஸ்கெட்பால்கூட இரண்டாவதுதான் அண்ணா.

அப்பா இப்போதும் போன் பண்ணும்போது மழை, மாத்திரை எல்லாம் விசாரித்துவிட்டு, "அந்தக் குண்டுத் தம்பி இப்ப எங்க ஆடுதான்?" என்று கேட்பார். கொரியாவுக்குப் போனார்ப்பா என்றேன் ஒரு தடவை. "அங்கயும் நல்லா சாப்பாடு போடுவாங்களா?" என்றார். திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் 74 வயசு மனுஷருக்கு அந்தப் பையன் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். நாலு வருஷம் ஆடினானா என்று அவர் கேட்கவில்லை.

சீசன் தொடங்கும்போது நம் அணி ஆடும் லெனோவோ சென்டருக்கு மூன்று டிக்கெட் எடுக்கப் போகிறேன். மனைவிக்கு வேலை இருக்கிறதாம். மூன்றாவது டிக்கெட் உங்களுக்கு அண்ணா. மகள் அந்த ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு வருவாள், உங்கள் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்.