இடத்தைக் கூட்டவில்லை, வாக்காளரைக் கூட்டினார்

ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனின் தேர்தல் சீர்திருத்தம் என்றால் எல்லாரும் சட்டமன்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அச்சாணி உள்ளூர் வார்டில் இருந்தது என்பது என் கட்சி.

1995 சட்டமன்றத்தின் 60 இடங்கள் அவர் வருமுன்பே பங்கு போடப்பட்டுவிட்டன: நேரடித் தேர்தலுக்கு 20, தொழில்சார் தொகுதிகளுக்கு 30, ஒரு தேர்வுக் குழு கூடித் தேர்ந்தெடுக்க 10. 1997-இல் சீனாவிடம் போகப்போகிற ஊர். 20-ஐ 21 ஆக்கினாலும் பெய்ஜிங் விடாது. ஆகவே 1992 அக்டோபரில் அவர் எண்ணிக்கையைத் தொடவில்லை. ஓட்டு யாருக்கு என்பதில் கைவைத்தார்.

தொழில்சார் தொகுதி நமக்குப் புதிதல்ல. 1986-இல் கலைக்கப்பட்ட தமிழக மேலவையில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித்தொகுதி இருந்ததே. ஹாங்காங்கில் பல தொகுதிகளில் ஓட்டு ஆளுக்கு இல்லை, நிறுவனத்துக்கு. நாலு கம்பெனியைக் கையில் வைத்திருப்பவருக்கு நாலு ஓட்டு! பேட்டன் அதைத் தனிநபர் ஓட்டாக்கினார். புதிதாகச் சேர வேண்டிய 9 தொகுதிகளை ஜவுளி, ஓட்டல், போக்குவரத்து என்று துறைவாரியாகப் பிரித்து, வேலை பார்க்கும் 27 லட்சம் பேரையும் உள்ளே கொண்டுவந்தார். இதிலும் கோணல் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டாவது ஓட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் ஓய்வு பெற்றவருக்கும் அது இல்லை.

தேர்வுக் குழுதான் நுணுக்கமான இடம். உள்ளூர் அமைப்புகளான மாவட்ட வாரியங்களுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே அந்தக் குழு என்றார். அப்படியானால் வாரியத்தில் ஆளுநர் நியமித்த ஆட்கள் இருக்க முடியாது; இருந்தால் அவர் வைத்த ஆளே சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்புவார். முதலில் நியமனத்தை ஒழித்தார்கள். வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. 1994 செப்டம்பரில் 346 வாரிய இடங்களுக்கும் தேர்தல். கிராமக் குழுத் தலைவர்கள் 27 பேர் மட்டும் பதவிவழியில் தங்கினார்கள்.

வாரியங்களுக்கு முதல் தேர்தல் நடந்ததே 1982-இல்தான். நூற்றைம்பது வருஷம் ஆண்டவர்களுக்கு மூட்டை கட்டும் நேரத்தில் ஜனநாயகம் நினைவுக்கு வந்ததா என்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

1994 ஜூனில் இந்தச் சீர்திருத்த மசோதாவை நீர்த்துப்போக வைக்க லிபரல் கட்சி கொண்டுவந்த திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது. அடுத்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு 19 இடம்.

பெய்ஜிங்குக்கு எது வலித்தது என்பதைப் பிரித்துப்போட்ட விதத்திலேயே பார்க்கலாம். 1997 ஜூலை 1-இல் அந்தச் சட்டமன்றம் போய், தற்காலிக மன்றம் உட்கார்ந்தது. 1998-இல் நிறுவன ஓட்டு திரும்பியது. 30 தொழில்சார் இடங்களுக்கும் சேர்த்துப் பதிவான வாக்காளர் சுமார் 1.4 லட்சம். 1999-இல், பழைய வாரியங்களின் இடத்தில் வந்த மாவட்ட மன்றங்களில் 102 நியமன உறுப்பினர்கள். அந்த ஆண்டு முடிவோடு நகராட்சி போல இயங்கிய இரண்டு மன்றங்களும் மூடப்பட்டன.

நியமனம் பிறகு படிப்படியாக ஒழிந்தது. 2019-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மாவட்ட மன்ற இடங்கள் 452. ஜனநாயக அணி அள்ளிக்கொண்டு போனது. 2023-இல் மொத்தம் 470 இடம், அதில் நேரடித் தேர்தலுக்கு விட்டது 88.