சிவப்புப் புள்ளி குழாயை அடைக்காது

ஸ்மார்ட் நகரத் திட்டத்தின் கட்டுப்பாட்டு அறையைப் பற்றிய கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடிநீர்க் குழாய் கசியும் இடங்களைத் திரையில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டினார்கள். அங்கே ஒரு அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "திரையில சிவப்பா காட்டுறீங்களே, அது எங்க வீட்டு வாசல்தான். எப்ப வந்து சரிபண்ணுவீங்க?" அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்தவர் "செயலியில் புகாரைப் பதிவு செய்யுங்கள்" என்றார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதைக் கண்டித்து நான் எழுதிய இரண்டு வரிக்கு "வளர்ச்சிக்கு எதிரி", "கற்காலத்துக்கே போய்விடு" என்றெல்லாம் பட்டம் கொடுத்தார்கள். சரி, விரிவாகவே சொல்கிறேன்.

நான் சென்சாருக்கு எதிரி இல்லை. தண்ணீர் எங்கே கசிகிறது என்று சென்சார் சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்தது. அடைக்க ஆள் வேண்டும், மாற்றுக் குழாய் வேண்டும், சாலையைத் தோண்ட அனுமதி வேண்டும், இதற்கெல்லாம் தனியாகப் பணம் வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குப் பணம் ஒதுக்குகிற அதே கோப்பில் இவை இல்லையென்றால் நாம் வாங்கியது வெறும் திரைதான்.

என் அப்பா குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். இரவு இரண்டு மணிக்கு மேல்தான் கசிவு தேடக் கிளம்புவார்கள். யாரும் தண்ணீர் பிடிக்காத அந்த நேரத்திலும் மீட்டர் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் அது கசிவுதான். நீளமான இரும்புக் கம்பியை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மூச்சை அடக்கிக் கேட்பார். 'ஸ்ஸ்' என்ற சத்தம் கூர்மையாகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. விடிந்ததும் ஆட்கள் வந்து அங்கே தோண்டுவார்கள். இன்றைய ஒலி சென்சார் செய்வதும் அதே வேலைதான், அதுவும் ஒவ்வொரு இரவும் விடாமல். அதை நான் ஏன் வெறுக்கப் போகிறேன்? விடிந்ததும் யார் தோண்டுவார்கள் என்றுதான் கேட்கிறேன்.

டோக்கியோவைப் பாருங்கள். 1955 வாக்கில் அங்கே குழாய் நீரில் சுமார் 20% கசிந்து வீணானது. இப்போது 3-4%தான். கசிவைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், பழைய ஈயக் குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களாகப் பல பத்தாண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"தரவு இல்லாமல் எதைச் சரிசெய்வது?" என்கிறீர்கள். நியாயம். 2010இல் வெள்ளமும் நிலச்சரிவும் உயிர்களைப் பறித்த பிறகுதான் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரம் தன் கட்டுப்பாட்டு மையத்தை அமைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மழை எச்சரிக்கை வந்தால் அந்த நிமிடமே மக்களை வெளியேற்ற வேண்டும், அதற்கு அது தேவை. கசிவை அடைக்க அது மட்டும் போதாது.

"நெரிசலைப் பார்த்துத் தானே மாறும் ஸ்மார்ட் சிக்னல் வந்தால் எரிபொருள் மிச்சமாகுமே?" ஆகும், கொஞ்ச நாளைக்கு. சாலை சீராக ஓடினால் இன்னும் பல வண்டிகள் அதே சாலைக்கு வரும். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எஞ்சின்கள் வந்தால் நிலக்கரிப் பயன்பாடு கூடத்தான் செய்யும் என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865லேயே சொல்லிவிட்டார். பேருந்தைக் கூட்டாமல் சிக்னலை மட்டும் மாற்றிவிட்டு அதைப் பசுமை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

"பணம் எங்கே?" திரைக்குப் பணம் இருந்ததே!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தென்கொரியாவின் சோங்டோவை ஸ்மார்ட் நகரத்துக்கு முன்மாதிரி என்கிறார்கள். வலசைப் பறவைகள் இரை தேடிய கடலோரச் சேற்று நிலத்தைத் தூர்த்துத்தான் அதைக் கட்டினார்கள். 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாக மறுசுழற்சிக்குப் போனது அதில் கால்பங்குகூட இல்லை. இன்று கம்பத்துக்குக் கம்பம் மாட்டுகிற சென்சார் பெட்டிகள் பேட்டரி செத்த பிறகு எங்கே போகும்? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா? 2050இல் உலக மக்களில் 68% பேர் நகரங்களில் இருப்பார்கள் என்று ஐ.நா. 2018இல் கணித்தது. அத்தனை பேருக்கும் இதே கண்காட்சியைத்தான் காட்டப் போகிறோமா?

"நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் உள்பெட்டியில் அறிவுரை சொல்லியிருக்கிறார். அது உண்மையிலேயே வலித்தது. என் அப்பாவும் நிபுணர்தான் ஐயா, பட்டம்தான் இல்லை. இன்றைக்கும் எந்த வால்வு எந்தச் சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்று வரைபடத்தில் இல்லாததெல்லாம் தோண்டுகிறவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையாவது திட்டமிடும் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா? பாதிப் பேர் ஒப்பந்தக் கூலிகள். காலிப் பணியிடத்தை நிரப்பச் சொன்னால் "அதான் எல்லாம் தானியங்கி ஆகிவிட்டதே" என்கிறீர்கள். கருத்துப் பெட்டிக்கு வருகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.