ஜெபர்சன் தன் அடிமைகள் எல்லோரையும் விடுதலை செய்தாரா?

'அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் இறக்கும்போது தன் அடிமைகள் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

வாழ்நாளில் அவரிடம் 600-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தார்கள். 1826-இல் இறந்தபோது உயில் மூலம் விடுதலை பெற்றவர்கள் வெறும் 5 பேர், எல்லோருமே அவரிடம் அடிமைகளாக இருந்த ஹெமிங்ஸ் குடும்பத்து ஆண்கள். மற்றவர்கள்? ஜெபர்சன் வைத்துவிட்டுப் போன கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல், அதை அடைக்க 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையிலேயே ஏலம் போட்டு ஏறத்தாழ 130 பேரை விற்கக் கிளம்பினார்கள்.

விடுதலை கிடைத்த ஐவரில் கொல்லர் ஜோசப் ஃபாசெட்டும் ஒருவர். ஆனால் அவர் மனைவி எடித், அதாவது வெள்ளை மாளிகையிலேயே பிரெஞ்சு சமையல் கற்று ஜெபர்சனுக்குச் சமைத்துப் போட்டவர், பிள்ளைகளோடு அதே ஏலத்தில் நிறுத்தப்பட்டார். குடும்பம் வெவ்வேறு ஆட்களின் கைக்குப் போனது. அப்புறம் ஜோசப் உழைத்துச் சேர்த்த காசில் மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டு ஓஹியோவுக்குக் கூட்டிப்போனார். இதை ஜெபர்சனின் பெருந்தன்மை என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ! ஜோசப்பின் மகன் பீட்டருக்கு ஏலத்தின்போது 11 வயது; அவர் விடுதலை பெற 1850 வாக்கில் ஆனது.

ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் பெயர்கூட அந்த விடுதலைப் பட்டியலில் இல்லை.