ரீஜன் கோடு வேறு, என்டிஎஸ்சி–பால் வேறு

அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பிய வளைகாப்பு டிவிடி காட்பாடி வீட்டில் ஓடவில்லை என்று கேட்டவருக்கு, ரீஜன் கோடை 1-லிருந்து (அமெரிக்கா) 5-க்கு (இந்தியா) மாற்றினால் என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க வீடியோ முறை) தானாகவே பால் (PAL, நம்ம ஊர் வீடியோ முறை) ஆகிவிடும் என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். குடியாத்தம் குரூப்பிலும் இதே பதில் சுற்றுகிறது. தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, அது சரியில்லை.

ரீஜன் கோடு ஒரு பூட்டு, அவ்வளவுதான். எந்த நாட்டில் டிஸ்க் ஓடலாம் என்று படக் கம்பெனிகள் போடுவது. வீட்டில் எழுதிய டிஸ்கில் பெரும்பாலும் அது இருக்கவே இருக்காது. என்டிஎஸ்சி, பால் என்பதோ படம் பதிவான விதம். அமெரிக்க டிஸ்கில் வழக்கமாக 720×480 அளவு, நொடிக்கு 29.97 ஃபிரேம் (தனித்தனிப் படம்). நம்ம ஊர் பாலில் 720×576, 25 ஃபிரேம். பூட்டைக் கழற்றினாலும் 480 வரி 576 ஆகாது; வீடியோ முழுவதையும் மறுபடி என்கோடு செய்தால்தான், அதாவது புது அளவில் மாற்றி எழுதினால்தான், மாறும்.

நீங்களே பார்க்கலாம். டிஸ்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, விஎல்சி (VLC) பிளேயரில் ஓடவிட்டு, கீபோர்டில் கன்ட்ரோலும் (Ctrl) ஜே-யும் (J) சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் வீடியோ ரெசல்யூஷன், ஃபிரேம் ரேட் இரண்டும் இருக்கும். ரீஜனை மாற்றினாலும் அதே எண்கள்தான் வரும். (பல கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ்களில் ரீஜனை 5 தடவைதான் மாற்ற முடியும். சோதனைக்காக அதை வீணாக்க வேண்டாம், மாற்றாமலே அந்த எண்களைப் பார்த்தாலே டிஸ்க் எந்த வகை என்று தெரிந்துவிடும்.)