சீனத் தோட்டத்தில் பூவைத் தேடாதீர்கள்

சீனத் தோட்டம் என்றதும் சிவப்புப் பாலமும் டிராகன் சிலையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ‘சீன பாணி’ என்று ஊர் ஊராகக் கட்டிவைப்பதும் அதைத்தான். சூஜோ நகரின் பழைய தோட்டங்களுக்குப் போனால் கண்ணில் படுவது வெள்ளைச் சுவர், சாம்பல் நிற ஓடு, கல், நீர். பூ ஓரமாகத்தான் இருக்கும்.

1997இலும் 2000இலுமாக அங்கே ஒன்பது தோட்டங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூட்டமெல்லாம் ஐந்து ஹெக்டேர் பரப்புள்ள ஜுவோசெங் யுவானுக்கு (யுவான் என்றால் தோட்டம்). ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் வாங்ஷி யுவானைச் சொல்வேன். வீட்டோடு சேர்த்தே ஒன்றரை ஏக்கர் தேறாது.

அதன் நடுக்குளம் இரண்டு கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். கரையில் நிற்பவருக்கு அப்படித் தெரியாது. பெரிய மண்டபங்களைப் பின்னால் தள்ளி, முன்னால் கல்லையும் மரத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். நீரை ஒட்டி நிற்பவை தாழ்வான சின்னக் கட்டடங்கள் மட்டுமே. கரையிலேயே பெரிய கூரை எழுந்தால் குளம் குட்டையாகிவிடும். தென்கிழக்கு மூலையில் நீர் ஒடுங்கி, வாய்க்காலாக உள்ளே போகிறது. அதன்மேல் ஒரு குட்டிக் கல்பாலம், மூன்று எட்டில் தாண்டிவிடலாம். பாலம் அத்தனை சிறிது என்பதால் பக்கத்துக் குளம் பெரிதாகிறது. வாய்க்கால் எங்கே முடிகிறது என்று தெரியாததால், நீர் இன்னும் போகிறது என்றே கண் நம்புகிறது. இந்தக் குளத்தில் தாமரையைப் பரவ விடுவதில்லை, இலை மூடினால் நீரில் வானம் தெரியாதே. தாமரை வைக்கும் பெரிய குளங்களிலும் கிழங்கைத் தொட்டிக்குள் அடக்கி வளர்ப்பது பழைய வழக்கம். விட்டால் குளம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய நகல்கள் தோற்பது கரை கட்டுவதில். விளிம்புக் கல் நீரின்மேல் சற்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடியில் நிழல் விழுந்தால் நீர் கல்லுக்குக் கீழேயும் ஓடுவதுபோல் இருக்கும். கலவையை இடுக்குக்குள் ஆழமாகத் தள்ள வேண்டும், முகப்பில் சிமென்ட் பூசினால் மலைபோல் அடுக்கிய கல் மதில் சுவராகிவிடும். நீர்மட்டம் இறங்கினால் அஸ்திவாரம் பல்லிளிக்கும். கல்லையும் கலக்கக் கூடாது. தைஹூ ஏரிச் சுண்ணாம்புக்கல் நீர் அரித்துத் துளைத்தது. ஒல்லியாக, ஓட்டையும் பொந்துமாக, மடிப்பு மடிப்பாக இருந்தால் அது உசத்தி. லியூ யுவானில் அப்படி ஒன்று ஆறரை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மஞ்சள் கல்லோ கோணம் கோணமானது, அதைக் கல்லின் இயல்பான அடுக்கு பார்த்துக் கிடையாக அடுக்க வேண்டும். வாங்ஷி யுவான் குளத்தின் தென்கரைக் குன்று இந்தக் கல்தான், அதற்குப் பின்னால் ஒரு மண்டபமே ஒளிந்திருக்கிறது.

பெயர்களைப் படிக்காமல் வெளியே வந்தால் பாதித் தோட்டத்தைத்தான் பார்த்ததாகக் கணக்கு. வாங்ஷி என்றால் வலைக்காரர், அதாவது மீனவர். அதே தென்கரையில் நீரை ஒட்டிய மண்டபத்துக்கு ‘தொப்பி நாடா கழுவுமிடம்’ என்று பொருள்படும் பெயர். நாடு கடத்தப்பட்ட அமைச்சர் சூ யுவானிடம் மீனவர் ஒருவர் பாடிய பழம்பாட்டு அது: நீர் தெளிந்திருந்தால் தொப்பி நாடாவைக் கழுவு, கலங்கியிருந்தால் காலைக் கழுவு. தொப்பி நாடா என்றால் பதவி. அரசு சரியில்லையென்றால் விலகிக்கொள் என்று ஒரு பெயர்ப்பலகை சொல்லிவிடுகிறது. இத்தனை செலவில் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு மீனவர் வேடமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகைத் தோட்டங்களைக் கட்டியவர்களில் பலர் பதவியை விட்டவர்கள், இழந்தவர்கள். ஜுவோசெங் யுவானைத் தொடங்கிய வாங் சியன்சென்னும் அரசுப் பணியை விட்டு வந்தவரே. காய்கறிக்கு நீர் பாய்ச்சுவதே அரசியலில் தேறாதவன் செய்யும் ஆட்சி என்ற பழைய வரியிலிருந்து தன் தோட்டத்தின் பெயரை எடுத்தார். அந்த வலியை நான் போலி என்று தள்ள மாட்டேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. படம் எடுத்துக்கொண்டே சுற்றினால் கால் மணியில் முடிந்துவிடும். மேற்குக் கரையில் நீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் உட்காருங்கள். உள்ளே ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறது. முதுகுப் பக்கம் திரும்பினால் அதிலும் குளம், எதிர்க்கரைச் சுவர், அதில் அசையும் மரநிழல்.