பட்டுத் துணியில் விழுந்த கண்ணீர்

பத்தாம் வகுப்பு விடுமுறையில், ஒரு வார இதழில் வந்த சிறுகதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கதையில் ஒரு தையற்காரர். மகள் கல்யாணத்துக்குப் பணம் புரளவில்லை. நள்ளிரவில் மெஷினை மிதித்தபடி அழுகிறார். கண்ணீர், தைத்துக்கொண்டிருக்கும் பட்டு ரவிக்கையில் சொட்டுகிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா சட்டைக் காலருக்குள் கேன்வாஸ் வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "பட்டில் கண்ணீர் பட்டால் கறை நிற்கும், பாப்பா. அழுகை வந்தால் முதலில் துணியைத்தான் நகர்த்தி வைப்போம். எழுதியவர் தையல் கடைக்குத் துணி கொடுக்க வந்திருப்பார். உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்."

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. நல்ல கதையைக் கெடுத்துவிட்டாரே என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அந்தக் குறை என்னை விடவில்லை. இன்றுவரை எந்த நாவலை எடுத்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த ஆள் என்ன வேலை செய்கிறார், அந்த வேலை அவர் உடம்பில் எங்கே தெரிகிறது? நம் நாவல்களில் பலருக்கு வேலையே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மழையைப் பார்த்துத் தத்துவம் பேசுகிறார்கள். எட்டு மணி நேரம் எங்கே போய் வருகிறார்கள் என்பது கடைசிவரை தெரிவதில்லை.

எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். பிறகு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979இல் வந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. எழுதப் போகும் மக்களிடம் நேரில் போய், பேசி, பார்த்துவிட்டு வந்து எழுதுவது அவர் வழக்கம். அந்த அலைச்சல் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். வெயிலை வர்ணிக்க அவர் மெனக்கெடுவதில்லை. உப்பு நீரில் நின்று நின்று காலில் விழும் வெடிப்பும், பாத்தியில் உப்பை வாரும் பொன்னாச்சியின் கையும் போதுமானதாக இருக்கின்றன. படித்து முடித்த மறுநாள் சாம்பாருக்கு உப்புப் போடும்போது கை ஒரு கணம் நின்றது.

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நேர் எதிர்த் திசை. சினிமாவைப் பற்றிய நாவல் என்று எடுத்தால் நட்சத்திரங்கள் ஓரமாக எங்கோ நிற்கிறார்கள். படப்பிடிப்புக்கு ஆளையும் வண்டியையும் திரட்ட அலையும் புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜன்தான் நமக்கு முதலில் கிடைக்கிறார். படம் நின்றுபோனதும் அதை நம்பிப் பிழைத்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறுகிறார்கள். ஜெமினி ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர் எழுதியது. அப்பாவின் கணக்குப்படி, கடைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கம். 1994இல் வெளியானது, நான் படித்தது வெகுநாள் கழித்து. ஆரோக்கியம் என்ற வண்ணார் பெண், தலித் மக்களின் துணியை வெளுப்பவள். வெளுப்பது மட்டுமா? பிரசவம் பார்க்க வேண்டும், சாவு வீட்டு வேலை செய்ய வேண்டும், இருட்டியதும் வீடு வீடாகச் சோறு எடுக்கப் போக வேண்டும், அறுவடைக் களத்தில் தன் பங்கு தானியத்துக்காக நிற்க வேண்டும். காலம் மாற மாற, அவள் செய்த வேலை ஒவ்வொன்றாக ஊருக்குத் தேவைப்படாமல் போகிறது. அந்த வேலை அவளை நசுக்கிய வேலை. அது போகும்போதும் நசுங்குபவள் அவள்தான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கடை போனதும் ஏறக்குறைய இப்படித்தான். தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள் வீட்டில் யாரும் தூங்கியதில்லை. அம்மாவும் நானும் காஜா எடுப்போம். ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான் துளை. ஊசி முனை படும் விரலில் தோல் தடித்து, இன்றும் கைப்பேசியில் அந்த விரலை வைத்தால் சில சமயம் திறக்காது. அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஆள் பெயர், அளவு, ஓரத்தில் குண்டூசியால் குத்திய வெட்டுத்துணி. ரெடிமேட் கடைகள் வரிசையாக வந்த பிறகு நோட்டில் புதுப் பெயர்கள் குறைந்தன. பிறகு வந்ததெல்லாம் பேண்ட்டின் கால் உயரம் குறைக்க, ஜிப் மாற்ற. ஒருநாள் அப்பா கட்டிங் மேசையை விற்றார். யாரும் அழவில்லை. மேசையை வாசலில் திருப்பி எடுக்கும்போது இடிக்காமல் இருக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' முதல் ஐம்பது பக்கம் என்னைத் திணறடித்தது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கடற்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு கீழே வைக்க முடியவில்லை. டி. செல்வராஜின் 'தோல்', திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் நாவல். 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியின் நெடி புத்தகத்திலிருந்தே வரும். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது என்பதால் ஆசையாக எடுத்தேன். மதிக்கிறேன், ஆனால் மனம் ஒட்டவில்லை. தறியின் சத்தத்தைவிடக் கூட்டத்தின் முழக்கம் என் காதில் அதிகம் விழுந்தது. இதற்காகச் சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம்.

தமிழுக்கு வெளியிலிருந்து ஒன்றே ஒன்று. தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமி தமிழில் தந்தது. ஜீவன் மஷாய் என்ற கிராமத்துக் கிழ வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தே சாவு எப்போது வரும் என்று சொல்லிவிடுவார். ஊருக்கு வந்திருக்கும் இளம் டாக்டருக்கு இது காட்டுமிராண்டித்தனமாகப் படுகிறது. யார் பக்கம் நியாயம் என்று நாவல் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. தன் சொந்த மகனின் நாடியிலேயே முடிவைக் கண்டுவிட்ட மனிதர் அவர். தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தொழிலே தண்டனையாகும் இடம் அது. இந்தப் பிரதியை இரவல் வாங்கிப்போன நண்பர் ஒருவர் மூன்று ஆண்டாகத் திருப்பித் தரவில்லை. இந்தப் பதிவையும் அவர் படிப்பார். நான் வேறு பிரதி வாங்கிவிட்டேன், நிம்மதியாக இருங்கள்.

இனி நான் கேட்க வந்தது. வேலையை உள்ளிருந்து காட்டும் நாவலோ தன்வரலாறோ உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பஸ் கண்டக்டர், நர்ஸ், மின்கம்பம் ஏறுபவர், லாரி ஓட்டுநர், யாராக இருந்தாலும் சரி. தையற்காரர் பற்றி இருந்தால் அவருக்கு முதல் மரியாதை. மொழிபெயர்ப்பானாலும் வேண்டும். 'படித்தே ஆக வேண்டிய நூறு நூல்கள்' பட்டியலைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். 'பொன்னியின் செல்வன்' என்றும் எழுத வேண்டாம். ஐந்து பாகத்தையும் எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்டேன், வந்தியத்தேவனுக்கும் எனக்கும் இப்போது தொடர்பில்லை. ஒரே ஒரு புத்தகம், அதில் உங்களால் மறக்க முடியாத ஒரு வேலைக் காட்சி. அவ்வளவு போதும்.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. அப்பாவுக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் வாசிக்கிறேன். புதுப் பிரதியில் மஷாயின் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. நேற்று மட்டும், "நாடாவை எடுப்பதற்கு முன்பே ஆளுக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுவேன், இவரும் அந்த ரகம்" என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அடுத்து என்ன என்று இப்போதே கேட்கிறார்.