நோவெண்ணெயும் ஓய்வும் மட்டும் காணாது

தை பிறந்ததும் எங்கள் பாடசாலை மைதானங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். கூடவே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிற பிள்ளைகளும் வருவார்கள். "நரம்பு இழுத்திட்டுது", "சுளுக்கிப் போச்சு", "நல்லா ஓடுற பெடியன், நாவூறு பட்டிட்டுது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படும். உண்மையான காரணம் கலண்டரிலேயே இருக்கிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. மைதானத்தில் வெள்ளம். அதற்கிடையில் பரீட்சை. பத்துப் பன்னிரண்டு கிழமையாக ஒரு தடவைகூட முழு வேகத்தில் ஓடாத கால்களை, பயிற்சி தொடங்கி மூன்றாம் நாளே 100 மீற்றர் தெரிவுக்கு இறக்கிவிடுகிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மோதி விழுந்து வரும் காயங்களை விட்டால், மிச்சத்தில் பெரும்பங்கு உடம்பு பழகாத சுமையைத் திடீரென்று ஏற்றுவதால் வருகிறது. அந்தக் காயம் ஆறுவதற்கும் சுமைதான் வேண்டும், ஆனால் அளந்து, படிப்படியாக. நாங்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். சுகமாக இருக்கிறபோது அளவில்லாமல் ஏற்றுகிறோம். காயப்பட்ட பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே ஏற்றாமல் இருத்தி வைக்கிறோம். நோ போன அன்றே திரும்ப மைதானத்தில் விடுகிறோம்.

பின்தொடையையே எடுப்போம். வேகமாக ஓடும்போது முன்னே வீசிய கால் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்தத் தசை நீண்டுகொண்டே கீழ்க்காலைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். நீளும்போது பலம் காட்டத் தெரியாத தசை அந்தக் கணத்தில்தான் கிழிகிறது. காலை நீட்டிக் குனிந்து எவ்வளவு நேரம் இழுத்தாலும் அந்தப் பலம் வராது. அதற்கென்றே உள்ளது நோர்டிக் பயிற்சி. ஒரு மடித்த சாக்கின் மேல் முழங்காலில் நிற்க வேண்டும். கூட்டாளி பின்னாலிருந்து இரண்டு குதிக்கால்களையும் நிலத்தோடு அழுத்திப் பிடிப்பார். முழங்காலில் இருந்து தோள் வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னோக்கிச் சரிய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கையாலேயே தள்ளி எழும்பலாம். பலரும் செய்யும் பிழை இடுப்பை மடிப்பது. மடித்தால் பாரம் பின்தொடைக்குப் போகாது.

அளவு முக்கியம். முதற் கிழமை ஒரே ஒரு நாள், 5 தடவை வீதம் 2 சுற்று. இரண்டாம் கிழமை இரண்டு நாள், 6 தடவை வீதம் 2 சுற்று. மூன்றாம் கிழமை மூன்று நாள், 6 முதல் 8 வரை 3 சுற்று. நான்காம் கிழமை 8 முதல் 10 வரை 3 சுற்று. ஐந்தாம் கிழமையில் இருந்து 12, 10, 8 என்று மூன்று சுற்று, பத்தாம் கிழமை வரை. டென்மார்க்கில் உதைபந்தாட்ட வீரர்களிடம் இந்தப் பத்துக் கிழமைத் திட்டத்தைச் செய்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் பின்தொடைக் காயங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. முதல் நாளே 3 சுற்றுச் செய்பவருக்கு நாலு நாள் படியிறங்க முடியாமல் நோகும். பிறகு அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். தைப் போட்டிக்கு இதைக் கார்த்திகையில் தொடங்க வேண்டும். மழை இதற்குத் தடையே இல்லை, பாடசாலை மண்டபத்திலோ வீட்டு விறாந்தையிலோ செய்யலாம். மைதானம் காய்ந்ததும் ஓட்டத்தையும் அப்படியே கூட்டுங்கள். முதற் கிழமை முழு வேகத்தின் 70 வீதம், அடுத்ததில் 80, பிறகு 90. நான்காம் கிழமைதான் முழு வேகம், அதுவும் இடையில் நல்ல ஓய்வு விட்டு நாலைந்து ஓட்டம்.

உதைபந்தாட்டக் கழகங்களுக்கு வேலை இன்னும் இலகு, ஏனென்றால் எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. பீபா 11+ என்ற தயார்ப்படுத்தலில் 15 பயிற்சிகள் உள்ளன. 8 நிமிடம் மெல்லோட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும் பாய்ச்சலும், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். இருபதே நிமிடம், பந்தைத் தவிர ஒரு உபகரணமும் தேவையில்லை. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், பாரதூரமானவை ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் பாசையூரிலும் பந்துக்கு எவ்வளவு மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மைதானங்களில் கிழமைக்கு இரண்டு நாளாவது இது நடக்க வேண்டும். வலைப்பந்தாட்டம், கபடி விளையாடும் பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நாரான முன்குறுக்கு லிகமென்ட் கிழிவது ஒரே வகை விளையாட்டில் பெண்களுக்கே அதிகம். பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிகிறதா என்று பயிற்றுவிப்பாளர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போனால், உயரத்தைக் குறைத்து, இரண்டு காலிலும் சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள்.

இப்போது ஜிம். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் ஜிம் வந்தது நல்ல விசயம். ஆனால் முதல் நாளே புதியவரை வாந்தி எடுக்கும் வரை செய்ய வைப்பது பயிற்சி இல்லை. பழகாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார் உடைந்து, அதிலுள்ள பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். அடுத்த ஓரிரு நாளில் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மோர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, உடனே வைத்தியசாலை. புதியவருக்கு முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு தசைக்கும் இரண்டு சுற்றுப் போதும்.

பாரம் கூட்டும் முறை இதுதான்: குறித்த எண்ணிக்கையை முடித்த பிறகும் இன்னும் இரண்டு தடவை தூக்கியிருக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். அப்படி எல்லாச் சுற்றும் முடிந்தால் அடுத்த முறை கைப் பயிற்சிக்கு 1 முதல் 2.5 கிலோ, கால் பயிற்சிக்கு 2.5 முதல் 5 கிலோ. தசை சில கிழமைகளில் பலம் பெறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதன் பின்னால் மெல்லத்தான் வரும். "பலம் கிடக்கு, ஏத்துவம்" என்று ஏற்றுகிறவருக்கு மூன்றாம் மாதம் முழங்கையும் தோளும் நோவது இதனால்தான். கந்தசஷ்டி விரதமோ காய்ச்சலோ இரண்டு கிழமை இடைவெளி விட்டால், விட்ட பாரத்தில் இருந்து தொடங்காதீர்கள். அதன் 60, 70 வீதத்தில் தொடங்கி இரண்டு கிழமையில் பழைய இடத்துக்கு வாருங்கள்.

நிலத்தில் கிடக்கும் பாரக் கம்பியை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்டில் கம்பி பாதத்தின் நடுவுக்கு மேலே, கீழ்க்காலின் முன்பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். மூச்சை வயிற்றுக்குள் இறக்கி இறுக்கி, கம்பியின் தளர்வை முதலில் எடுத்துவிட்டுத் தூக்குங்கள். இடுப்பு முந்தி, நெஞ்சு பிந்தி எழும்பினால் பாரம் கூடிப்போச்சு என்று பொருள். நடு முதுகு வளைந்த இடத்தில் அந்தச் சுற்று முடிந்தது. இன்னும் ஒன்று என்று ஆசைப்பட வேண்டாம். மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் பெருவிரலைக் கம்பியைச் சுற்றிப் போடாமல் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. கம்பி வழுக்கினால் விழுவது நெஞ்சிலோ கழுத்திலோதான். தனியே செய்பவர் நெஞ்சு மட்டத்தில் தாங்கு கம்பி போடுங்கள். அது இல்லாவிட்டால் கம்பி நுனியில் தட்டுகளுக்குப் பூட்டுப் போடாதீர்கள், மாட்டுப்பட்டால் ஒரு பக்கம் சரித்துத் தட்டுகளை விழுத்தலாம்.

சரி, காயம் பட்டாச்சு. எங்கள் வீடுகளில் முதலில் வருவது நோவெண்ணெய். அடுத்தது உருவுவது. முறிவு நெரிவு வைத்தியர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போட்டு ஊரை நடக்க வைத்தவர்கள். ஆனால் முதல் மூன்று நாள் உருவல் கூடாது. உள்ளே அறுந்த சிறு குழாய்களில் இருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது உருவினால் கசிவு கூடும். குறிப்பாகத் தொடையில் எதிராளியின் முழங்கால் இடித்த காயத்தை உருவவே கூடாது, சூடு பிடிக்கவும் கூடாது. உள்ளே கட்டிய இரத்தம் சில கிழமையில் எலும்பாக மாறுகிற ஆபத்து உண்டு. அப்படி மாறினால் முழங்கால் மடிக்க முடியாமல் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிவரும். இந்தத் தொடை இடிக்குச் செய்ய வேண்டியது வேறு: உடனே முழங்காலை நோ தாங்கும் அளவுக்கு, 120 பாகை வரை மடித்து, கிரேப் பன்டேஜால் தொடையையும் கீழ்க்காலையும் சேர்த்துச் சுற்றி 24 மணித்தியாலம் அப்படியே வைத்திருப்பது. தொடைத்தசை நீட்டி வைக்கப்பட்டால் இரத்தம் தேங்க இடம் குறையும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டை உடனே தளர்த்துங்கள். தொடை மேலும் மேலும் இறுகி நோ ஏறினால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஐஸ் வைக்கலாமா? 1978இல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற முறையைப் பிரபலமாக்கிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் தானே திருத்திச் சொன்னார். நோவைத் தணிக்க துணியில் சுற்றி 10 நிமிடம், முதல் நாளில் சில தடவை வைத்தால் போதும். கட்டும் உயர்த்தலும் தொடரட்டும். மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை: நோவோடு காய்ச்சலும் இருந்தால் பாமசியில் டைக்ளோபெனாக்கோ இப்யூபுரோபனோ வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தப் பெருக்குக்கு அது வழி விடும். பனடோல் மட்டும், வளர்ந்தவருக்கு ஒரு தடவை 2 குளிசை, 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் வேண்டாம்.

கணுக்கால் மடங்கினால் எலும்பு முறிவா என்று சந்தேகம் வரும். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதியை எந்தப் பயிற்றுவிப்பாளரும் பாடமாக்கலாம். உள், வெளிக் கணுக்கால் மொழிகளின் நுனியிலோ பின் விளிம்பில் 6 சென்ரிமீற்றர் வரையிலோ எலும்பை அழுத்த நோ, பாதத்தின் வெளி ஓரத்து நடு மேட்டில் நோ, உள் ஓரத்துப் பாத எலும்பில் நோ, விழுந்த உடனும் பிறகும் நாலு அடி வைக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியென்றால் இரண்டாம் மூன்றாம் நாளே நோ தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்கத் தொடங்கலாம். நிற்க முடிந்ததும் ஒற்றைக் காலில் 30 வினாடி, பிறகு கண்ணை மூடி, பிறகு தலையணை மேல். இந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது.

ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணாமாருக்கு ஒரு வார்த்தை. கலியாணம் முடித்தவர், முடிக்காதவர் என்று ஊரில் கரப்பந்து வைக்கிறபோது "பின்னால ஆரோ உதைச்ச மாதிரி" உணர்ந்து திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லையென்றால், குதிக்கால் நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டையைப் பிழியுங்கள். மற்றக் காலில் பாதம் அசைந்து, இதில் அசையாவிட்டால் அன்றே வைத்தியசாலை. நடக்க முடிகிறதே என்று விட்டால், பிந்தப் பிந்தச் சத்திரசிகிச்சை சிக்கலாகும்.

அறாமல், காலை எழும்பியதும் குதிக்கு மேலே விறைத்து நோகிறதா? ஓய்வால் அது போகாது. படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரண்டு காலால் ஏறி, நோகிற காலால் மட்டும் மெதுவாக இறக்குங்கள். முழங்கால் நேராக 15 தடவை வீதம் 3 சுற்று, முழங்கால் மடித்து 15 தடவை வீதம் 3 சுற்று, காலையும் மாலையும். நாளுக்கு 180 தடவை, 12 கிழமை. செய்யும்போது கொஞ்சம் நோகும், நோக வேண்டும். எவ்வளவு நோ சரி? பத்தில் நாலுக்கு மேல் போகாமலும், மறுநாள் காலை முன்னைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக நோகிறதென்றால் அரைவாசி குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம்.

நாரிப் பிடிப்புக்கும் இதே கதைதான். பெரும்பாலானவை சில கிழமைகளில் தானாக ஆறும். படுத்துக் கிடந்தால்தான் இழுபடும். ஆனால் சலம் போக முடியாமல் அடைத்தால், உட்காரும் இடம் மரத்தால், கால் பலம் குறைந்துகொண்டு போனால், நடுச்சாமம் என்றாலும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஏறுங்கள்.

முழங்கால் லிகமென்ட் சத்திரசிகிச்சைதான் எங்கள் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிற இடம். ஐந்தாம் மாதம் நோ இருக்காது, நேரே ஓடவும் முடியும். வடக்கின் பெரும் சமர் கிரிக்கெட் போட்டி வருகிறது, ரீமுக்கு ஆள் காணாது, "ஒரு மட்ச் தானே" என்று இறக்குவார்கள். அறுந்த லிகமென்டுக்குப் பதிலாக வைத்த நார் அப்போது முதிர்ந்திருக்காது. 2016இல் வெளியான ஒரு ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மீண்டும் காயப்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதமும் ஆக வேண்டும், சோதனையும் தேற வேண்டும். ஒற்றைக் காலால் பாயும் தூரமும், தொடை முன்தசையின் பலமும் சுகமான காலின் 90 வீதத்தையாவது தொட வேண்டும். ஒரு அளவுநாடாவும் கால் நீட்டும் மெசினும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் பார்த்துவிடலாம். அந்த முடிவை இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) எழுத்தில் தர வேண்டும். பயிற்றுவிப்பாளரோ பழைய மாணவரோ வாயால் சொல்லக் கூடாது. போதனா வைத்தியசாலை இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய்வர ஒன்பது மாதத்துக்குப் பஸ் காசும், ஆறு மணி ரியூசனை விட்டு எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ள வீட்டில் அனுமதியும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் வெற்றிக் கேடயத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த வருடம் அந்தப் பஸ் காசுக்கு ஒதுக்குங்கள்.